சர்க்கரை நோயும் பித்தப்பை அழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் வந்துவிட்டால் கண்ணைப் பார், சிறுநீரகத்தைப் பார், காலைப் பார், இதயத்தைப் பார் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பித்தப்பையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்கு ஒருநாள் வயிறு வலித்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

பித்தப்பை எங்கே இருக்கிறது? அதற்கு என்ன வேலை?

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, கல்லீரலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பை. நீளம் 7 முதல் 10 செ.மீ. வரை இருக்கும், 30 முதல் 50 மி.லி. வரை பிடிக்கும். கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பகுதி இந்தப் பைக்குள் போய்க் கெட்டியாகிச் சேர்ந்திருக்கும். கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

அதில் அழற்சி எப்படி வருகிறது?

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் காரணம் கல்தான். பைக்குள் சும்மா கிடந்த கல் ஒன்று நகர்ந்து, வெளியே போகும் குழாயின் வாயில் சிக்கிக்கொள்கிறது. பித்தநீருக்கு வழி அடைபடுகிறது. பை உப்புகிறது, அதன் சுவர் வீங்குகிறது, சுவருக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தேங்கிய நீரில் கிருமியும் சேர்ந்துகொண்டால் சீழ் பிடிக்கும். இன்னும் விட்டால் சுவர் அழுகி ஓட்டை விழும்.

கல்லே இல்லாமலும் சிலருக்கு வரும். ஐசியூவில் நாள்கணக்கில் படுத்திருப்பவர்கள், பெரிய தீக்காயம் பட்டவர்கள், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் ஆகியோருக்கு அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த வகை வரலாம்.

சுகர் இருப்பவர்களுக்கு ஏன் அதிகமாக வருகிறது?

ஒன்றல்ல, பல காரணங்கள் சேர்கின்றன. டைப் 2 சர்க்கரை நோயோடு தொப்பை, உயர்ந்த ட்ரைகிளிசரைடு (ஒருவகை ரத்தக் கொழுப்பு), இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாமை) எல்லாம் சேர்ந்தே வரும். இவை பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகின்றன. கூடிய கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகிறது. இன்னொரு பக்கம், பல ஆண்டு சுகர் உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளைக் கெடுத்துவிடும். சாப்பாடு இறங்கினாலும் பித்தப்பை முழுதாகச் சுருங்காது. காலியாகாத பையில் பித்தநீர் தேங்கும், சேறுபோலப் படியும், கல்லாகும்.

இது கல் உருவாகும் கதை. கல் அடைத்த பிறகு நடப்பதுதான் கவலைக்குரியது. சர்க்கரை கூடிய ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. பித்தப்பைச் சுவருக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே சுருங்கிப் போயிருக்கும். அதனால் மற்றவர்களுக்கு வெறும் வீக்கமாக நிற்கிற நோய், இவர்களுக்கு அழுகல், ஓட்டை, ரத்தத்தில் கிருமி பரவுதல் என்று வேகமாகப் போய்விடும்.

வலி எப்படி இருக்கும்? கேஸ் வலியிலிருந்து எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

வழக்கமான வலி வலது பக்க மேல்வயிற்றிலோ நெஞ்சுக்குழியிலோ தொடங்கும். முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் போகும். பெரும்பாலும் எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ சாப்பிட்ட அன்று இரவு வரும். கல் சிறிது நேரம் அடைத்துவிட்டு விலகினால் சில மணி நேரத்தில் வலி அடங்கிவிடும். ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் விடாமல் வலித்தால், கூடவே காய்ச்சல், குளிர், வாந்தி இருந்தால், அழற்சி தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வலியை நம் வீடுகளில் முதலில் "கேஸ்" என்றுதான் சொல்கிறோம். சோடா, ஓமவாட்டர், மெடிக்கலில் வாங்கிய அசிடிட்டி மாத்திரை என்று ஒரு ராத்திரி போகும். சுகர் உள்ளவருக்கு அந்த ராத்திரி ரொம்ப முக்கியமானது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை நோயாளியின் நெஞ்சுக்குழி வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். ஆகவே மேல்வயிற்று வலி என்று போனாலும் முதலில் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்வார்கள். "வயிறு வலிக்கு எதற்கு ஈசிஜி" என்று சண்டை போடாதீர்கள்.

வலியே இல்லாமல் வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காலில் ஆணி குத்தியும் தெரியாமல் நடந்துபோகும் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே நரம்புப் பாதிப்பு வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. பித்தப்பை சீழ் பிடித்துக் கிடக்கும். நோயாளியோ "லேசா ஒரு மாதிரி இருக்கு, சாப்பாடு பிடிக்கல" என்று மட்டும் சொல்வார். வயதானவர்களிடம் இது இன்னும் அதிகம். காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். வயிற்றை அழுத்தினால் முகம் சுளிக்காமலும் இருக்கலாம்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். அறுபது தாண்டிய அப்பா, பதினைந்து ஆண்டுச் சுகர். இரண்டு நாளாக இட்லியை முழுதாகச் சாப்பிடவில்லை, ஒருமுறை வாந்தி. சாப்பிடாததால் இன்சுலினும் போட வேண்டாம் என்று அம்மா நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலையில் அப்பா கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. குளுக்கோமீட்டரில் பார்த்தால் 380. ஹை சுகர்தான் காரணம் என்று பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஸ்கேனில் பித்தப்பை உப்பி, சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கட்டியிருக்கிறது. வலிக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வலி குறைவு என்றால் நோயும் குறைவு என்ற கணக்கு சர்க்கரை நோயாளியிடம் செல்லாது. காரணம் தெரியாமல் சுகர் ஏறுவது, சாப்பாடு வெறுப்பது, வாந்தி, மந்தம், நாடித்துடிப்பு வேகமாவது ஆகியவை உள்ளே எங்கோ தொற்று இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த "எங்கோ" என்பதில் பித்தப்பையும் ஒன்று.

சுகர் ஏறியதால் தொற்றா, தொற்றால் சுகர் ஏறியதா?

இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். தொற்று வந்தால் உடல் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும். அவை சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை தொற்றை வளர்க்கும். எனவேதான் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். சுகரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

வலது மேல்வயிற்று வலியோடு காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் அன்றைக்கே. கண் மஞ்சளானால் அன்றைக்கே. கல் பித்தப்பையைத் தாண்டி, பித்தநீர் குடலுக்குப் போகும் பொதுக் குழாயை அடைத்திருக்கலாம், அது கணையத்தையும் பாதிக்கலாம். குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, வயிறு பலகைபோல் இறுகுவது இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கிளம்பும்போது சாப்பிடவோ காபி குடிக்கவோ கொடுக்க வேண்டாம். அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சுகர் மட்டும் 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் குளுக்கோஸ் கொடுத்தே ஆக வேண்டும். மாத்திரைச் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

முதலில் கையால். வலது விலா எலும்பின் ஓரத்துக்குக் கீழே விரல்களை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுக்கச் சொல்வார். மூச்சு இறங்கும்போது கல்லீரல் கீழே வரும், பித்தப்பை அந்த விரல்நுனியில் வந்து இடிக்கும். அழற்சி இருந்தால் பாதி மூச்சில் நோயாளி சட்டென்று நிறுத்திவிடுவார். சிகாகோவைச் சேர்ந்த ஜான் பெஞ்சமின் மர்ஃபி என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் பெயரால் இதை மர்ஃபி அறிகுறி என்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய இந்தச் சோதனை இன்றும் பயன்படுகிறது. ஆனால் நரம்புப் பாதிப்பு உள்ளவரிடம் இது தெரியாமல் போகலாம் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கல், சுவரின் தடிப்பு, சுற்றியுள்ள நீர் மூன்றையும் காட்டும். சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம் வரும். கூடவே ரத்தத்தில் வெள்ளை அணுக்கள், சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது), கல்லீரல் பரிசோதனை, லைபேஸ் (கணையத்துக்கு), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கீட்டோன் (கொழுப்பு எரிவதால் சேரும் அமிலம்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) பார்ப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு சிடி ஸ்கேனும் கேட்டால் தயங்க வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

பித்தப்பைக்குள் காற்று என்று சிடி ரிப்போர்ட்டில் இருக்கிறது. அது என்ன?

இது வயிற்று வாயு இல்லை. கிளாஸ்ட்ரிடியம், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பித்தப்பையின் சுவரிலும் உள்ளேயும் பெருகி உண்டாக்கும் வாயு. எம்ஃபிசிமேட்டஸ் கோலிசிஸ்டைடிஸ் என்பது இதன் பெயர். அரிய நோய்தான். ஆனால் இது வருபவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில கணக்குகளில் பாதிப் பேர், சர்க்கரை நோயாளிகள். சாதாரணப் பித்தப்பைக் கல் பெண்களுக்கு அதிகம்; இதுவோ ஆண்களுக்கு அதிகம். கல் இல்லாமலும் வரும்.

சுவர் அழுகி ஓட்டை விழும் ஆபத்து மற்ற வகையைவிடப் பல மடங்கு கூடுதல். 100 பேருக்கு வந்தால் 15 முதல் 25 பேர் வரை இறந்துபோகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அல்ட்ராசவுண்டில் இந்த வாயு குடலில் இருக்கும் சாதாரண வாயுபோலத் தெரிந்து ஏமாற்றிவிடும், சிடியில் தப்பாது. ரிப்போர்ட்டில் இப்படி வந்துவிட்டால் "நாளைக்கு யோசித்துச் சொல்கிறோம்" என்பதற்கு நேரம் இல்லை. அவசர அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டிபயாட்டிக்கிலேயே சரியாகிவிடாதா? ஆபரேஷன் அவசியமா?

முதல் சில மணி நேரம் எல்லோருக்கும் ஒரே சிகிச்சைதான்: குளுக்கோஸ் பாட்டில் அல்லது சலைன், ஊசி வழியாக ஆண்டிபயாட்டிக், வலி நிவாரணி, இன்சுலின், வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் இருப்பது. இதில் பலருக்கு வலி குறையும். குறைந்ததும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அடைத்த கல்லும் நோயுற்ற பையும் அங்கேயேதான் இருக்கின்றன. மறுபடி வரும்போது முன்பைவிட மோசமாக வரக்கூடும்.

அதனால் உடல் தாங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு, அதே அட்மிஷனிலேயே, முடிந்தால் முதல் மூன்று நாட்களுக்குள், லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் இன்றைய வழக்கம். வயிற்றில் வழக்கமாக நான்கு சிறு துளைகள் போதும். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று முன்பு அனுப்பிவைப்பார்கள். அதற்குள் திரும்பத் திரும்ப வலியோடு வந்தவர்களைப் பார்த்துத்தான் இந்த முறை மாறியது. மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1990-ல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோபி பித்தப்பை அறுவையைச் செய்தார். இன்று மாவட்டத் தலைநகரங்களிலேயே செய்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள்.

அழற்சி முற்றிய நிலையில் துளைவழியாக முடியாமல் போகலாம். அப்போது வயிற்றைத் திறந்து செய்வார்கள். அது தோல்வி இல்லை. பக்கத்தில் உள்ள பித்தக் குழாய்க்குக் காயம் படாமல் காப்பாற்ற எடுக்கும் முடிவு.

சுகர் 300 இருக்கிறதே, குறைந்த பிறகு ஆபரேஷன் பண்ணக் கூடாதா?

உறவினர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான பயம்தான். கண்புரை, குடலிறக்கம் போல நாள் குறித்துச் செய்யும் அறுவை என்றால் எச்பிஏ1சி 8-க்குக் கீழே வரட்டும் என்று காத்திருக்கலாம். இங்கே சுகரை ஏற்றிக்கொண்டிருப்பதே அந்தச் சீழ்தான். அதை வெளியே எடுக்காமல் சுகரைப் பிடிப்பது கஷ்டம். இன்சுலினை ட்ரிப் வழியாகச் செலுத்தினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் 140–180 அளவுக்குக் கொண்டுவர முடியும். கீட்டோன் கூடி ரத்தம் அமிலமாகியிருந்தால் மட்டும் அதை முதலில் சரிசெய்துவிட்டு எடுத்துப்போவார்கள். மூன்று மாதச் சராசரி இப்படி இருக்கிறதே என்று நாட்களைத் தள்ளினால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

வழக்கமாகச் சாப்பிடும் சுகர் மாத்திரைகளை என்ன செய்வது?

வாந்தியும் காய்ச்சலுமாக இருக்கும்போது இரண்டு வகை மாத்திரைகளை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ஒன்று டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. இவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. பட்டினியோடு சேர்ந்தால், மீட்டரில் சுகர் 200-க்குக் கீழே காட்டும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். நாள் குறித்த அறுவைக்கு இவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அவசர அறுவையில் அந்த அவகாசம் கிடைக்காது என்பதால், கடைசியாக எப்போது போட்டார் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மற்றொன்று மெட்ஃபார்மின், உடலில் நீர் வற்றி சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது அது ரத்தத்தில் தேங்கிவிடும்.

அறுவையைத் தாங்க மாட்டார் என்று சொன்னால்?

தோல்வழியாக ஊசி செலுத்தி, மெல்லிய டியூப் ஒன்றைப் பித்தப்பைக்குள் வைத்துச் சீழை வெளியேற்றுவார்கள். மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தால் போதும். மிக மோசமான நிலையில் உள்ளவருக்கு இது உயிர் காக்கும். ஆனால் அறுவைக்கு மாற்றாக எல்லோருக்கும் இதைக் கேட்க வேண்டாம். ஆபத்து கூடுதலாக இருந்த நோயாளிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், லேப்ராஸ்கோபி செய்தவர்களில் 12 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் வந்தது. டியூப் வைத்தவர்களில் 65 சதவீதத்தினருக்கு வந்தது.

ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. எடுத்துவிடலாமா?

சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. முன்பு அப்படிச் சொன்னார்கள், இப்போது சொல்வதில்லை. ஒருமுறையாவது பித்தப்பை வலி வந்திருந்தால் கணக்கு வேறு. அப்போது சுகரைக் கட்டுப்படுத்தி, நாள் குறித்து, நிதானமாக எடுத்துவிடுவது நல்லது. நள்ளிரவில் சீழோடு போவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு. வலி இல்லாதவர்கள் "எனக்குக் கல் இருக்கிறது" என்பதை வீட்டாருக்கும் சுகர் டாக்டருக்கும் தெரிவித்துவைத்தால் போதும்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும்?

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுவது. பித்தப்பைக் கல் வேறு பொருளால் ஆனது, இருக்கும் இடமும் வேறு. சாற்றால் அது கரையாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துவிட்டு மறுநாள் பச்சை உருண்டைகளாகக் கல் வெளியேறியது என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். 2005-ல் லான்செட் இதழில் வந்த ஒரு குறிப்பில் அந்த உருண்டைகளைச் சோதித்திருந்தார்கள். கொலஸ்ட்ராலே இல்லை, குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்டு வந்திருக்கிறது. கல் இருப்பவர் அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை வேகமாகச் சுருங்கி, கல் போய் அடைக்கலாம். தயவுசெய்து வேண்டாம்.

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை சின்னக் கொலஸ்ட்ரால் கற்களைச் சிலருக்கு மாதக்கணக்கில் கரைக்கும். நம் பக்கத்தில் கணிசமாக உள்ள கறுப்பு நிறமிக் கற்களிடம் அது பலிக்காது. அழற்சி வந்துவிட்ட பிறகு அதற்கு வேலையே இல்லை.

எடை குறைக்கும் ஊசி போடுகிறேன். கல் வருமா?

செமக்ளூடைடு, லிராக்ளூடைடு வகை ஊசிகளால் பித்தப்பைக் கோளாறு சற்றே கூடுகிறது. 76 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு அலசல், ஆபத்து சுமார் 37 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. தொடக்கமே குறைவான ஆபத்து என்பதால் இது பயந்து ஊசியை விடும் அளவு இல்லை. ஆனால் இந்த ஊசிக்கு வாந்தியும் வயிற்று உபாதையும் சகஜம் என்று சொல்லிச் சொல்லி, உண்மையான பித்தப்பை வலியையும் அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். வலது பக்கம் விடாமல் வலித்தால் ஸ்கேன் எடுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால், அது ஊசியாலோ பட்டினியாலோ, கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது.

பித்தப்பை இல்லாமல் வாழலாமா? என்ன சாப்பிடுவது?

நன்றாக வாழலாம். கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். சேர்த்துவைக்கப் பை இல்லாததால் நேரே குடலுக்குப் போகும். முதல் சில வாரங்கள் சிலருக்குக் கழிச்சல் இருக்கும். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர் என்று தொடங்கி, எண்ணெயை மெல்ல மெல்லக் கூட்டலாம். ஆனால் கஞ்சி, பிரெட், பழச்சாறு என்று "பத்தியம்" பார்த்துச் சுகரை ஏற்றிக்கொள்ளாதீர்கள். இட்லியோடு சாம்பாரில் பருப்பும் காயும் நிறைய இருக்கட்டும்; முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த மீன் சாப்பிடலாம். புண் ஆறப் புரதம் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

துளை போட்ட இடங்களைத் தினமும் பாருங்கள், குறிப்பாகத் தொப்புள் பக்கத்தில் உள்ளதை. சிவப்பு, கசிவு, நாற்றம் இருந்தால் காட்டுங்கள். சுகர் உள்ளவருக்குப் புண்ணில் சீழ் வைக்க அதிக நேரம் ஆகாது. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மஞ்சள் கண் இருந்தால் பித்தநீர் கசிவோ குழாயில் தங்கிய கல்லோ காரணமாக இருக்கலாம், திரும்பிப் போங்கள். தொற்று அகன்றதும் இன்சுலின் தேவை சட்டென்று குறையும். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த அளவையே வீட்டிலும் தொடர்ந்தால் லோ சுகர் வரலாம். ஆகவே முதல் வாரம் தினமும் மூன்று நான்கு முறை சுகர் பார்த்துக் குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு சுகர் டாக்டரைப் பாருங்கள். நிறுத்திய மாத்திரைகளை எப்போது மறுபடி தொடங்குவது என்று அவரே சொல்லட்டும்.